அம்மாவின் கடைவாய்ப் பற்கள்

தம்பி, இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து முறை எடுத்தேன். நம் வீட்டில் போன் பேசுகிற அழகு உனக்குத் தெரியாததா? ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் காது கேட்கும். ஸ்பீக்கரில் போட்டால் அடுப்படியில் நிற்கிற உன் அம்மா, "யாரு, தம்பியா? சாப்பிட்டானான்னு கேளுங்க" என்று நடுவில் வந்துவிடுவாள். அவளைப் பற்றிய விஷயத்தை அவள் காதுபடப் பேசுகிற துணிச்சல் எனக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன். என்னோடு இங்கே போர்ட் பிளேர் துறைமுக வார்ஃபில் வேலை பார்த்தவரின் மருமகன் இந்த வாரக் கப்பலில் மெயின்லேண்ட் போகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு அப்பா எழுதினால் அதில் வாழ்த்து இருக்க வேண்டும், புத்திமதி இருக்க வேண்டும். வாழ்த்து மனசு நிறைய இருக்கிறது. புத்திமதி சொல்கிற யோக்கியதைதான் இப்போது இல்லை. ஆனாலும் என் வாய் சும்மா கிடக்காது, ஊடே ஊடே ஏதாவது வந்து விழும், பொறுத்துக்கொள்.

என் பல் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் பல் என்றால் அது என் பல் என்றுதான் இத்தனை நாளும் இருந்தது. கீழே முன்பல் இரண்டும் இடது கடைவாயில் மூன்றும் ஈறு கெட்டு, ஆடி ஆடி விழுந்தது உனக்குத் தெரியும். ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலம் முழுக்க வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டே இருந்ததற்கு இந்தத் தண்டனை போதாது என்பாள் அம்மா. கழற்றி மாட்டுகிற செட் ஒன்று கட்டிக்கொண்டேன். அது என் வாயில் இருந்ததைவிட டம்ளரில் கிடந்த நேரம்தான் அதிகம். அப்புறம் ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்தில் நடந்தது இருக்கிறதே! மைக்கைப் பிடித்து "அன்பார்ந்த நண்பர்களே" என்று தொடங்கும்போது ஒரு தும்மல் வந்தது. செட் பறந்துபோய் முன்வரிசையில் இருந்த பெங்காலிக்காரர் மடியில் உட்கார்ந்துகொண்டது. அவர் அதைக் கைக்குட்டையில் எடுத்து, "தாதா, ஆப்கா சாமான்", அண்ணா உங்கள் பொருள் என்று மரியாதையாக நீட்டினார். அதைச் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஒரு வாரம் கழித்து நீயே போன் போட்டு, "அப்பா, இம்ப்ளாண்ட் வச்சுக்கலாம், மெட்ராஸ்ல டாக்டரைப் பாத்துப் பேசிட்டேன்" என்றாய். அந்த அக்கறையை நான் மறக்க மாட்டேன். இந்தக் கடிதத்தில் எங்கேயாவது உன்னைக் குறை சொல்கிற மாதிரி இருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள்.

தாடை எலும்பில் துளை போட்டு டைட்டானியம் திருகு ஒன்றை இறக்குவார்கள், எலும்பு அதைக் கவ்விப் பிடிக்கிறவரை மூன்று நான்கு மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு அதன் தலையில் பல்லை ஏற்றுவார்கள். இதை நான் ஹேடோ முழுக்க டீக்கடை டீக்கடையாகப் பாடம் எடுத்தேன். திருகு இறக்க ஒரு பயணம், ஈறைத் திறந்து அளவெடுக்க ஒரு பயணம், பல்லை மாட்ட ஒரு பயணம். விமானத்தில் வாருங்கள் என்று நீ தலைபாடாய் அடித்துக்கொண்டாய். கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கியே சோறு தின்றவன் ஆகாயத்தில் போவதா என்று எனக்கு வீம்பு. அம்மாவுக்குக் கப்பல் ஆகாது. கரை மறைந்ததும் பங்க் படுக்கையில் சுருண்டு படுத்தால் மெட்ராஸ் துறைமுகத்தில்தான் எழுந்திருப்பாள். அப்படியும் மூன்று தடவையும் வந்தாள். இந்தத் தீவில் யார் வைத்தியத்துக்கு மெயின்லேண்ட் போனாலும் ஒரு பேஷண்ட், ஒரு அட்டெண்டன்ட் என்பது வழக்கம். ஆபீஸில் சொல்லிச் சொல்லி வீட்டுப் பேச்சிலும் அது ஒட்டிக்கொண்டது. எதிர்ப் படுக்கையில் இருந்தவரிடம், "பேஷண்ட் நான், அட்டெண்டன்ட் இவ" என்று அறிமுகப்படுத்தினேன். அவர் சிரித்தார். அம்மாவும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கூச்சம் என்று நினைத்தேன். கல்யாணமான புதிதில் அவள் அப்படிச் சிரித்தவள் இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அந்தக் கிளினிக்கை யோசித்துப் பார். மூன்று தடவையும் அவள் வெளியே நாற்காலியில், என் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு, ஏசி குளிருக்கு முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருகு இறக்கிய அன்று எனக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்து கரண்டியால் ஊட்டினாள். கடைசி நாள் பல்லை ஒட்டி முடித்ததும் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டு, "எப்படிம்மா இருக்கு, பாருங்க" என்றார். அவள் குனிந்து, அந்தப் பெரிய விளக்கு வெளிச்சத்தில் என் வாய்க்குள் பார்த்தாள். "நல்லா இருக்கு டாக்டர். சொந்தப் பல்லு மாதிரியே இருக்கு" என்றாள். அந்த அறையில் நீ இருந்தாய், நான் இருந்தேன், டாக்டரும் நர்ஸும் இருந்தார்கள். அவள் பேசும்போது நாங்கள் எல்லோரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கை தள்ளி நின்றுகொண்டிருந்த அவள் வாயை ஒருவரும் பார்க்கவில்லை. டாக்டருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை, அவருக்கு அவள் அட்டெண்டன்ட். எனக்கு அவள் யார்?

அன்றைக்கு மத்தியானம் புதுப் பல்லுக்குத் திறப்பு விழா என்று ஓட்டலுக்குக் கூட்டிப்போனாய். நான் மட்டன் சுக்காவை ஒரு கை பார்த்தேன். அவள் தயிர்சாதம் கேட்டாள். "கப்பல் இன்னும் உள்ளுக்குள்ள ஆடுதுப்பா, கறியெல்லாம் வேண்டாம்" என்றாள். நாம் நம்பிவிட்டோம். வீட்டுக்குத் திரும்பி வந்து நான் செய்ததைக் கேள். என் பல் விழத் தொடங்கிய நாளிலிருந்து நம் வீட்டில் சோறு குழைவாகத்தான் இருந்தது. காய் மசிய வேகும், மீன் என்றால் குழம்பு மீன்தான், வறுவல் கிடையாது. எனக்காகத்தான் இப்படிச் சமைக்கிறாள் என்று நான் நாலு பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். புதுப் பல் வந்த பிறகும் அதே குழைந்த சோறு வந்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. "இன்னும் எத்தன நாளைக்கு இந்தக் கஞ்சி? எனக்குப் பல்லு வந்திருச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று தட்டை நகர்த்தி வைத்தேன். மறுநாளிலிருந்து எனக்குச் சோறு பொலபொலவென்று வந்தது, மீன் மொறுமொறுவென்று வந்தது. அடுப்பில் இன்னொரு சின்னப் பாத்திரமும் இருந்தது. அதைப் பழைய சோறு என்று நினைத்துக்கொண்டேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

நீ கேட்பாய், ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதா என்று. நானே என்னைக் கேட்டுக்கொண்டதுதான். அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை, தம்பி. எல்லோருக்கும் போட்டுவிட்டு, எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்படியில் தனியாகத்தான் சாப்பிடுவாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் அப்படித்தான். அதை நான் பெரிய குணமாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வடக்கே திக்லிபூரிலிருந்து வந்து தங்குகிற சொந்தக்காரர்களிடம், "எம் பொண்டாட்டி எல்லாரும் சாப்பிடாம தண்ணிகூடக் குடிக்க மாட்டா" என்று மீசையைத் தடவியிருக்கிறேன். பாராட்டுகிற மாதிரி இருந்தாலும், அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பார்க்கிற வேலையை மிச்சப்படுத்திக்கொண்ட மாதிரிதான் அது.

இனி உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். சிப்பிகாட்டில் உன் மாமனார் வீட்டில் பந்தி நடந்தபோது நீ போட்டோக்காரனோடு தோப்புப் பக்கம் போயிருந்தாய். அதனால் உனக்கு இது தெரியாது. பெண் வீட்டார் பிரமாதமாகச் செய்திருந்தார்கள். நாட்டுக்கோழி, நண்டு, வறுத்த சூரை மீன், பிறகு கடித்தால் பல்லில் ஒட்டுகிற தேங்காய் பர்பி. நான் நண்டுக் காலைக் கடைவாயில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உடைத்தேன். "டைட்டானியம் சம்பந்தி, டைட்டானியம்!" என்றேன். உன் மாமனார் சிரிக்க, எனக்கு இன்னும் ஊக்கம் வந்துவிட்டது. அப்போது உன் மாமியார் அம்மாவின் இலையைப் பார்த்து, "சம்பந்தியம்மா ஒண்ணுமே தொடலியே, காரம் சாஸ்தியா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்வதற்குள் நான் புகுந்தேன். "அது ஒண்ணுமில்லம்மா. இவளுக்குத் தன் கைப்பக்குவம் தவிர வேற எதுவும் எறங்காது. கௌரவம்! வீட்டுக்குப் போயி தனியா ஒரு வெட்டு வெட்டுவா பாருங்க" என்றேன். பந்தி முழுக்கச் சிரித்தது. அம்மா இலையில் கிடந்த கறியை விரலால் ஒதுக்கி, இலை மடிப்புக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் சிவந்துபோயிருந்தது. அதையும் பார்த்தேன். கோபித்துக்கொண்டாள், வீட்டில் போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்து மீனை எடுத்துக்கொண்டேன்.

கை கழுவப் போனவன் வழியில் நின்றுவிட்டேன். பந்தி கலைந்த இடத்தில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். உன் ரேவதி பட்டுப்புடவையோடு அவள் பக்கத்தில் குந்தியிருந்தாள். கையில் ஒரு கிண்ணம், ரசம் விட்டுப் பிசைந்த சோறு. "அத்தை, சுப்சாப், சத்தமில்லாம இதச் சாப்புடுங்க. யாரும் பாக்கல. எங்க பெரியப்பாவும் இப்பிடித்தான், ஒரு பக்கமாவே ஒதுக்கி ஒதுக்கி மெல்லுவாரு. அப்பறம் பாத்தா பின்னாடி பல்லே இல்ல" என்றாள். அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "மெதுவாப் பேசும்மா. மாமாவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாரு" என்றாள். வீட்டுக்குள் இன்னும் காலடி எடுத்து வைக்காத பெண், ஒரே பந்தியில் பார்த்துவிட்டாள். நான் அதே பந்தியில் நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தேன். சபையில் என்னால் கேலிக்கு ஆளான பிறகும், நான் சங்கடப்படக் கூடாதே என்றுதான் அம்மாவுக்கு இருந்திருக்கிறது.

ஆட்டோவில் திரும்பும்போது, "வாயத் தெற, பாப்போம்" என்றேன். "என்ன, மாட்டுச் சந்தையா இது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கெஞ்சிய பிறகு, போன் டார்ச் வெளிச்சத்தில் காட்டினாள். கீழே இரண்டு பக்கமும் கடைவாய் காலி. மேலே வலது பக்கம் இரண்டு இல்லை. மிச்சமிருக்கிற முன்பற்களாலேயே எல்லாவற்றையும் கொறித்துக் கொறித்து அவையும் தேய்ந்திருந்தன. பல் இருந்த இடங்களில் ஈறு வழவழவென்று ஆறிப்போய்க் கிடந்தது. நேற்றைக்கு முந்தாநாள் விழுந்த பல் இல்லை அவை. "எப்பருந்து?" என்றேன். "அது ஆச்சு. மொதப் பல்லு புடுங்கினப்ப தம்பி பத்தாவது படிச்சான்" என்றாள்.

எனக்கு அது நினைவுக்கு வந்தது. கன்னம் வீங்கி, கிராம்பைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் உனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பல்லைக் காப்பாற்றலாம், வேருக்கு வைத்தியம் செய்யலாம், நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வந்து என்னிடம் சொன்னாள். வார்ஃபில் இரண்டு கப்பல் ஒன்றாக நின்றுகொண்டிருந்த சமயம் அது. "ஒரே நாள்ல முடியற மாதிரி பாரு. பல்லுதானே" என்றேன். ஒரே நாளில் முடித்துக்கொண்டு வந்தாள். அடுத்தடுத்த பற்களுக்கு என்னிடம் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி வந்து உலை வைத்திருக்கிறாள். என் பல் ஒன்று ஆடினால் அதைக் கப்பல் வந்த செய்தி மாதிரி ஊருக்கே அறிவித்தேன். அவளுடையது ஒவ்வொன்றாகப் போனது ஒரு சத்தமும் இல்லாமல்.

மறுநாளே இங்கே போர்ட் பிளேரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மலையாளத்துப் பெண் டாக்டர், சின்ன வயசு. இந்தியும் தமிழும் கலந்து, "அம்மா, டர்னா நஹி, பயப்படாதீங்க, மெதுவா வாய் தொறங்க" என்று அன்பாகப் பார்த்தாள். ஸ்கேன் எடுத்தாள். பல் போய் ரொம்ப வருஷம் ஆனதால் அந்த இடத்து எலும்பு கரைந்திருக்கிறதாம். மெல்லாத தாடை மெலிந்துவிடுமாம். கீழே வலது பக்கம் திருகு இறக்குகிற அளவுக்கு எலும்பு இருக்கிறது. இடது பக்கத்தில் முதலில் எலும்புப் பொடி வைத்து, அது ஊறிக் கெட்டிப்பட்ட பிறகுதான் மற்றது. சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். "முன்னாடியே வந்திருந்தா ஈஸியா இருந்திருக்கும் அங்கிள்" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மூன்று தடவை கப்பலேறி ஒரு பல் டாக்டர் வாசலில் போய் உட்கார்ந்திருந்தவள் அம்மா என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

நான் உடனே எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டினேன். எந்தத் திருகு உசத்தி, எந்தப் பல் நாள்பட வரும் என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். அம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வீட்டுக்கு வந்து, "எனக்கு வேண்டாம்" என்றாள். வலிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, வலிக்காது, மரத்துப்போகும் என்று விளக்கினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். "மூணு தடவ ஒங்களுக்காக வெளிய ஒக்காந்திருந்தேன். ஒரு தடவகூட, நீயும் வாயக் காட்டுன்னு நீங்க சொல்லல. நானும் சொல்லல, சரி. இப்ப சம்பந்தி வீட்ல பாத்துட்டாங்க. அதுல ஒங்களுக்கு வெக்கமாப் போச்சு. ஒங்க வெக்கம் தீர்றதுக்கு என் எலும்பத் தொளைக்கணுமா?"

நான் இல்லை, இல்லை என்று பதறினேன். ஆனால் தம்பி, அவள் சொன்னதில் உண்மை இருந்தது. கிளினிக்கில் சரி சரி என்று தலையாட்டியபோது அவள் வாய் வலியை நான் நினைக்கவில்லை. கல்யாணத்துக்குள் முடியுமா, முடியாதா என்று கணக்குப் போட்டேன். ரேவதி தன் அப்பா அம்மாவிடம் சொல்லியிருப்பாளோ என்று நினைத்தேன். உன் மாமனார் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று நினைத்தேன். குற்ற உணர்ச்சி வந்தால்கூட அதிலும் நான்தான் முன்னால் போய் நிற்கிறேன். அதை அவள் என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டாள். கூடவே வாழ்ந்தவள் இல்லையா, என் குணம் அவளுக்கு அத்துப்படி.

கடைசி ஆயுதமாக உன்னை எடுத்தேன். "இரு, தம்பிய விட்டுச் சொல்லச் சொல்றேன்" என்றேன். அவள் சொன்னாள்: "அவன் சொன்னா நான் செஞ்சுக்குவேன். அவன் சொல்லி நான் எத மாட்டேன்னேன்? அதான் சொல்றேன், அவன இதுல இழுக்காதீங்க. இது ஒண்ணாவது எனக்காத் தோணிச் செய்யணும்." அதனால்தான் இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. நீயும் படித்த கையோடு போனை எடுத்து, "அம்மா, எனக்காகச் செஞ்சுக்கோம்மா" என்று அழாதே. உன் பிறந்தநாளுக்குக் கடலைமிட்டாய் செய்வாளே, ஒவ்வொரு வருஷமும் டப்பா நிறைய உனக்குக் கொடுத்து அனுப்புவாளே, அதில் ஒரு துண்டு அவள் வாயில் போட்டு நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. எனக்காகவும் உனக்காகவும் அவள் செய்தது போதும்.

பதினைந்து நாள் போல நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நாள் நான் ஒரு விஷயத்தைப் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. இந்தப் போன சனிக்கிழமை காலையில் வாசலில் ரேவதி வந்து நின்றாள், சிப்பிகாட்டிலிருந்து பஸ் பிடித்து. அம்மா ஏற்கெனவே தலைவாரித் தயாராக இருந்தாள். இரண்டு பேரும் போனிலேயே பேசி முடிவு செய்திருக்கிறார்கள். சர்க்கரை குறைந்திருக்கிறது, வலது பக்கத்துக்கு முதலில் திருகு இறக்கிக்கொள்ளப் போகிறாளாம். நான் அவசரமாகச் சட்டையை மாட்டினேன். "நீங்க எதுக்கு? நீங்க வந்தா டாக்டர்கிட்ட ஒங்க பல்லத்தான் காட்டிக்கிட்டு இருப்பீங்க. ரேவதி போதும்" என்றாள் அம்மா. ரேவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமா, டென்ஷன் ஆகாதீங்க, நான் அத்தையப் பாத்துக்கறேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே அம்மா திரும்பி, "சும்மா இருக்காம சோத்தக் கொழைய வடிச்சு வைங்க. தண்ணி சாஸ்தியா வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சட்டையோடு வாசலில் நின்றேன். எனக்கு வர வேண்டியதுதான் அது.

திருகு நல்லபடியாக இறங்கியிருக்கிறது. இனி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே உன் கல்யாணத்தன்று அவளுக்குக் கடைவாயில் பல் இருக்காது. இதில் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இப்போதெல்லாம் வீடியோக்காரன் பந்திக்குள் புகுந்து, சாப்பிடுகிறவர்கள் வாயை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து மண்டபத்துத் திரையில் போடுகிறான். சாப்பாட்டு இடத்துக்குள் கேமரா வரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வை. காரணம் கேட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று சொல். அவளைச் சம்பந்திகளோடு முதல் பந்தியில் உட்காரு என்று யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். பந்தியில் அவள் எதையாவது வேண்டாம் என்றால் நான் பதில் சொல்ல மாட்டேன். அவளே சொல்லிக்கொள்வாள். ரேவதியிடம் இதையெல்லாம் தோண்டித் துருவாதே. அவள் உன்னிடம் சொல்லவில்லை என்றால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள் என்று அர்த்தம். நல்ல பெண். நான் தேடிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் நீதான் தேடிக்கொண்டாய்.

ஒரே ஒரு புத்திமதி, கேட்டால் கேள். வேலை முடிந்து எவ்வளவு தாமதமாக வந்தாலும் ரேவதியோடு உட்கார்ந்து சாப்பிடு. எனக்கு முதலில் போட்டுவிடு, நீ பிறகு சாப்பிடு என்கிற பழக்கத்தை முதல் நாளே தொடங்கவிடாதே. தொடங்கிவிட்டால் அது எவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்கிறபோது ஏன் என்று கேள். கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை வேறெதையும் பேசாதே.

சனிக்கிழமை நான் வடித்த சோறு அடி பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கூடிப்போய்க் கஞ்சியானது. திங்கட்கிழமை சரியாக வந்தது. பருப்பு ஊற்றிப் பிசைந்து, இரண்டு தட்டு எடுத்துவைத்து, "வா, சேந்து சாப்புடுவோம்" என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது, ஆனாலும் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். மெல்லவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கட்டின நாளிலிருந்து கூட இருக்கிறவன் நான். என்னை ஒரு புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நீங்க பாத்தா எனக்கு எறங்க மாட்டேங்குது." நான் தட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் தட்டு காலியாகி ரொம்ப நேரம் ஆன பிறகும், முதுகுக்குப் பின்னால் அவள் மென்றுகொண்டே இருக்கிறாள், தம்பி.

உன் அப்பா